டேவிட் போவி எதை மாற்றினார், எதை மாற்றவில்லை

பிரிட்டனின் ராக் பாடகர் டேவிட் போவியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வந்து நிற்பது அவருடைய தோற்றம்தான். தீப்பற்றியது போன்ற சிவப்பு முடி, முகத்தின் குறுக்கே வரைந்த மின்னல், மேடைக்கென்றே தைத்த விசித்திர உடுப்புகள். அடுத்ததாகப் 'பச்சோந்தி' என்ற பட்டம். ஆல்பத்துக்கு ஒரு வேஷம் போட்டார், காலத்துக்கேற்ப நிறம் மாறினார், அதனால் எல்லாப் பாணியும் அவருக்குக் கைவந்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

எனக்கு இந்த விளக்கம் ஒருபோதும் போதவில்லை. பச்சோந்தி சுற்றியுள்ள நிறத்தோடு ஒன்றிப்போகும். 1977இல் லண்டன் முழுக்கப் பங்க் இசையின் வேகமும் கூச்சலுமாக இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் போவி வெளியிட்ட 'லோ' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம், சொற்கள் அநேகமாக இல்லாமல் மெதுவாக நகரும் சின்தசைசர் இசை. ஒன்றிப்போகிறவர் செய்கிற காரியமா அது?

ஒரு ராக் பாடகர்-பாடலாசிரியர் பல பாணிகளில் பாட்டுச் செய்கிறார் என்றால், உள்ளே நடப்பது என்ன? ராக் இசை அதிகம் கேட்டிராதவரும் பின்தொடரும்படி, போவியின் பயணத்தை வைத்தே அதைப் பார்க்கலாம்.

## பாடகர்-பாடலாசிரியர் என்பவர் யார்

திரையிசையில் வளர்ந்த நமக்கு ஒரு பாட்டு என்றால் மூன்று பேரின் வேலை. வரிகள் ஒருவர், மெட்டு ஒருவர், குரல் ஒருவர். ஒரு பாடகரைப் 'பலவிதமாகப் பாடுகிறார்' என்று நாம் மெச்சும்போது அவருடைய குரல்வளத்தைத்தான் மெச்சுகிறோம். புதிய மெட்டுகளைக் கொண்டுவந்து தர அவருக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பாடகர்-பாடலாசிரியர் என்பவர் வரி, மெட்டு, குரல் மூன்றையும் தானே சுமப்பவர். அதனால் அவருக்கு மாறுவது எளிது என்று தோன்றும். நடைமுறையில் அதுதான் கடினம். மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வருவதால் மூன்றிலும் அதே ஆளின் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். கிட்டாரை எடுத்தால் விரல்கள் தெரிந்த இடத்துக்கே போகும். எழுத உட்கார்ந்தால் முன்பு கைகொடுத்த சொற்களே மறுபடி வரும். நல்ல பாடலாசிரியர்கள் பலர் பத்தாவது ஆல்பத்தில் தங்கள் முதல் ஆல்பத்தையே மறுபடி செய்துகொண்டிருப்பது இப்படித்தான். தன் பழக்கத்திலிருந்து தப்பிக்க ஒரு வழி வேண்டும். குரலும் திறமையும் மட்டும் அதைத் தந்துவிடாது.

## ஒரு பாட்டின் நான்கு அடுக்குகள்

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரைபடம்: எத்தனை அறை, வாசல் எந்தப் பக்கம். அதே வரைபடத்தை வைத்துச் செங்கல்லிலும் கட்டலாம், மரத்திலும் கட்டலாம். கட்டிய வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது வேறு விஷயம். சுவரின் வண்ணமும் ஜன்னல் வழியே விழும் வெளிச்சமும் இன்னொரு விஷயம்.

பதிவாகி வெளிவரும் பாட்டும் இப்படித்தான். வரைபடத்தின் இடத்தில் இருப்பது பாடல்: அதாவது வரிகள், மெட்டு, கார்டுகள். கார்டு என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். மெட்டுக்கு அடியில் தரைபோல் விரிந்திருப்பது. ஒரு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தனியாகப் பாடிக்காட்ட முடிகிற பகுதி எல்லாம் இந்த முதல் அடுக்கு.

கட்டுமானத்தின் இடத்தில் இசைக்கோர்ப்பு. எந்தக் கருவிகள், எந்த வேகம், எந்தத் தாளநடை, யார் எப்போது வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். குடியிருப்பவரின் இடத்தில் பாடும் ஆள். பாட்டுக்குள் 'நான்' என்று பேசுகிறவர் எழுதியவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் ஒரு கற்பனைக் கதாபாத்திரமாகவும் இருக்கலாம். கடைசியாக, வண்ணத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஈடானது பதிவின் ஒலி: மைக் எங்கே இருந்தது, எதிரொலி எவ்வளவு, டிரம்ஸ் பக்கத்தில் கேட்கிறதா தொலைவில் கேட்கிறதா. இதை நடத்திச் செல்பவர் புரொட்யூசர். சினிமாவில் இந்தப் பெயர் பணம் போடுபவரைக் குறிக்கும். இங்கே ஒலிப்பதிவு முழுவதற்கும் பொறுப்பானவரைக் குறிக்கிறது.

இதுவரை பார்த்தது: பாடல், இசைக்கோர்ப்பு, பாடும் ஆள், பதிவின் ஒலி என நான்கு அடுக்குகள். ஒன்றை மாற்றினாலே பாட்டு வேறு முகம் காட்டும். தெருவில் போகிறவர் வீட்டின் வண்ணத்தை மட்டும் பார்ப்பதுபோல, போவியின் ஆடையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதுதான் நமக்குப் பழக்கமாகிவிட்டது.

## முதலில் மாறியது ஆள்

1947 ஜனவரி 8ஆம் தேதி லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் பிறந்தவர் டேவிட் ஜோன்ஸ். மங்கீஸ் குழுவில் டேவி ஜோன்ஸ் என்ற பாடகர் புகழ்பெற்றுவந்ததால், குழப்பம் வேண்டாம் என்று போவி ஆனார். 1967இல் வந்த முதல் ஆல்பம் விற்கவில்லை. 1969 ஜூலையில், மனிதன் நிலவில் காலடி வைப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தனிமையில் மிதக்கும் விண்வெளி வீரனைப் பற்றி 'ஸ்பேஸ் ஆடிட்டி' வெளிவந்தது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அதற்கடுத்த வெற்றிக்கு அவர் 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1960களின் பிற்பகுதியில், அவர் லிண்ட்சி கெம்ப் என்ற கலைஞரிடம் மைம் பயின்றிருந்தார். பேசாமல் உடலாலேயே ஒரு பாத்திரத்தைக் காட்டும் கலை அது. அதை ராக் மேடைக்குக் கொண்டுவந்ததன் விளைவுதான் 1972 ஜூனில் வெளியான ஆல்பத்தின் நாயகன், ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனை ராக் நட்சத்திரம். அந்தக் காலத்துப் பாடகர்-பாடலாசிரியர்களிடம் ரசிகர்கள் எதிர்பார்த்தது தன் மனத்தைத் திறந்து காட்டும் பாடல்களை. போவி அந்த எதிர்பார்ப்பையே தளர்த்தினார்: பாட்டில் பேசுகிறவன் நானில்லை, ஸிக்கி.

ஸிக்கிக்குப் பின்னால் வாசித்த கிட்டார் கலைஞர் மிக் ரான்சன், பேஸ் கிட்டார் வாசித்த டிரெவர் போல்டர், டிரம்ஸ் வாசித்த வுடி வுட்மன்சி மூவரும் அதற்கு முந்தைய 'ஹங்கி டோரி' ஆல்பத்தில் வாசித்தவர்களே. புரொட்யூசரும் அதே கென் ஸ்காட். இன்னும் சொன்னால், ஸிக்கியின் பதிவு தொடங்கியது 1971 நவம்பரில். 'ஹங்கி டோரி' கடைக்கு வந்ததோ டிசம்பரில். ஊரே வியந்த அந்த மாற்றத்தின்போது குழு, புரொட்யூசர், ஸ்டுடியோ எல்லாம் அப்படியே இருந்தன. மாறியது பெரும்பாலும் மூன்றாவது அடுக்கு மட்டும்.

1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் மேடையில், இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று போவி அறிவித்தார். அவர் இசையையே விட்டுவிடுகிறார் என்று பலர் நினைத்தார்கள். பின்னால் நின்று வாசித்த போல்டருக்கும் வுட்மன்சிக்குமே அது முன்கூட்டித் தெரியாது. அந்த இரவு விடைபெற்றது ஸிக்கி.

## கட்டுமானம் மாறுகிறது

1974 ஆகஸ்டில் போவி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்குப் போனார். கறுப்பின மக்களின் சோல் இசைக்குப் பேர்போன சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது. புதிய கிட்டார் கலைஞராகக் கார்லோஸ் அலோமார் வந்தார். பின்னணிக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், அப்போது யாருக்கும் அதிகம் தெரியாத லூதர் வான்ட்ராஸ். இங்கே போவி சோல் பாணியைத் தானே பயின்று நகலெடுக்க முயலவில்லை. அந்த இசைக்குள்ளேயே வாழ்ந்தவர்களை அழைத்து, அவர்களுக்கு நடுவில் தன் பாட்டை வைத்தார். அலோமார் வாசித்த ஒரு கிட்டார் துணுக்கிலிருந்து பிறந்து, ஜான் லென்னனும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபேம்' 1975இல் அவருக்கு அமெரிக்காவில் முதல் நம்பர் 1 பாடலானது. பாடலாசிரியர்களாக மூவர் பெயரும் இருக்கிறது.

இசைக்கோர்ப்பு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு 1983இன் 'லெட்ஸ் டான்ஸ்'. அதன் புரொட்யூசர் நைல் ராஜர்ஸ் பலமுறை சொல்லியிருக்கும் கதை இது. சுவிட்சர்லாந்தில் போவி ஒரு கிட்டாரோடு அவர் அறைக்கு வந்து, இது வெற்றிபெறும் என்று நினைக்கிறேன் என்று சொல்லி அந்தப் பாட்டை வாசித்துக்காட்டினார். ராஜர்ஸின் காதில் அது நாட்டுப்புறப் பாட்டுபோல ஒலித்தது. ஆடச் சொல்லும் பாட்டு, ஆனால் ஆட முடியாத பாட்டு! ராஜர்ஸ் கார்டுகளை வாசிக்கும் விதத்தை மாற்றி, நறுக்கென்று வெட்டி வெட்டி ஒலிக்கும் கிட்டார் நடையைக் கொடுத்து, நடுவில் இடைவெளிகளைத் திறந்துவிட்டார். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அதற்கு மேல் வாசித்தார். பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பிடித்தது.

மெட்டும் வரியும் போவியுடையவை. அரங்கத்தையே ஆடவைத்தது ராஜர்ஸின் கை. நடனப் பாட்டு எழுதும் திறமை போவிக்குத் திடீரென்று வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், இந்த நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்.

## வேலையின் வரிசையைத் தலைகீழாக்குதல்

இனி வருவதுதான் போவியின் உண்மையான கண்டுபிடிப்பு என்று நான் கருதுவது. 1977 முதல் 1979 வரை வந்த 'லோ', 'ஹீரோஸ்', 'லாட்ஜர்' மூன்றையும் சேர்த்து 'பெர்லின் ஆல்பங்கள்' என்பார்கள். முழுக்க பெர்லினில் பதிவானது 'ஹீரோஸ்' ஒன்றுதான். 'லோ' பெரும்பாலும் பிரான்சில், 'லாட்ஜர்' சுவிட்சர்லாந்திலும் நியூயார்க்கிலும். ஊரைவிட வேலைசெய்த முறைதான் இவற்றை ஒன்றாகக் கட்டுகிறது. கூட இருந்தவர்கள் சின்தசைசர் கலைஞர் பிரையன் ஈனோவும் புரொட்யூசர் டோனி விஸ்கான்டியும்.

வழக்கமாகப் பாடலாசிரியர் பாட்டை முடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவார். இங்கே போவி அநேகமாக வெறுங்கையோடு வந்தார். முதலில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூவரும் சில கார்டுகளை வைத்து ஒரு தளத்தைப் பதிவுசெய்வார்கள். அதன்மேல் சின்தசைசரும் பிற ஒலிகளும் ஏறும். மெட்டும் வரிகளும் கடைசியில். வரைபடம் இல்லாமலே சுவர் எழுந்துவிட்டது; பாடலாசிரியர் இப்போது அந்தச் சுவர்களுக்குள் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பழகிய கார்டுகளுக்குப் போகும் விரல்களுக்கு இங்கே வேலையே இல்லை.

'ஹீரோஸ்' பாட்டு இப்படி வந்தது. பெர்லினில் ஹன்சா ஸ்டுடியோவின் ஜன்னலிலிருந்து நகரைப் பிளந்த சுவர் தெரியும். இசை பதிவாகி வரிகளுக்காகக் காத்திருந்த நேரத்தில், சுவரருகே ஒரு ஜோடி முத்தமிடுவதைப் போவி பார்த்தார்; அதுவே வரிகளுக்குள் வந்தது. அந்த ஜோடி விஸ்கான்டியும் பின்னணி பாடிய ஒரு பாடகியும் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது.

குரலைப் பதிவுசெய்ய விஸ்கான்டி அந்தப் பெரிய கூடத்தில் மூன்று மைக்குகளை வைத்தார். ஒன்று முகத்துக்கு நேரே, கிட்டத்தட்ட 9 அங்குலத்தில். அடுத்தது ஏறத்தாழ 20 அடியில். மூன்றாவது 50 அடி தள்ளி. பின்னால் இருந்த இரண்டிலும் 'கேட்' என்ற கருவி: வந்துசேரும் ஒலி ஓர் அளவைத் தாண்டினால்தான் அது கதவைத் திறக்கும். போவி மெல்லப் பாடும்போது முதல் மைக் மட்டும் கேட்கும், காதருகே பேசுவதுபோல. குரல் ஏறினால் இரண்டாவது திறக்கும். தொண்டை கிழியக் கத்தினால்தான் மூன்றாவது திறந்து, கூடத்தின் எதிரொலி முழுவதும் உள்ளே வரும். பாட்டின் கடைசிப் பகுதியில் அவர் அப்படி உயிரைக் கொடுத்துக் கத்துவதற்கு, அந்தத் தூரத்து மைக்கை எட்ட வேண்டியிருந்ததும் ஒரு காரணம். பதிவின் ஒலி என்பது கடைசியில் பூசும் பூச்சு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டால் போதும். இங்கே நான்காவது அடுக்கு மூன்றாவது அடுக்கையே இழுத்துச் செல்கிறது.

'லாட்ஜர்' வந்தபோது முறை இன்னும் துணிச்சலானது. 'பாய்ஸ் கீப் ஸ்விங்கிங்' பாட்டில் கருவிகளை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கிட்டார் கலைஞர் அலோமார் டிரம்ஸில் உட்கார்ந்தார். டிரம்ஸ் கலைஞர் டெனிஸ் டேவிஸ் பேஸை எடுத்தார். தேர்ந்த கலைஞர்களின் கையிலிருந்து சிறுவர் குழுவின் முரட்டு உற்சாகம் வர வேண்டும் என்பது நோக்கம். பேஸ் மட்டும் சரிவராமல், விஸ்கான்டி பிறகு வாசித்துச் சேர்த்தார்.

சுருக்கிச் சொன்னால்: ஆளை மாற்றுவது ஒரு வழி, கட்டுமானக்காரரை மாற்றுவது இன்னொரு வழி, வேலையின் வரிசையையே மாற்றுவது மூன்றாவது வழி. மூன்றாவதுதான் கலைஞரின் பழக்கத்தை வேரிலேயே தொடுகிறது.

## மாறாமல் நின்றவர்கள்

1976இன் 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' தொடங்கி 1980இன் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' வரை ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள். ஐந்திலும் அலோமார், பேஸ் வாசித்த ஜார்ஜ் மர்ரி, டெனிஸ் டேவிஸ் என்ற அதே மூவர். சோல், ஃபங்க் இசையில் ஊறியவர்கள். குளிர்ந்த, ஐரோப்பிய, இயந்திரத்தனமான இசை என்று விமர்சகர்கள் எழுதித் தள்ளிய ஆல்பங்களின் அடியில் ஓடியது இவர்களுடைய சூடான தாளம். மேலே எத்தனை விசித்திரம் ஏற்றினாலும் பாட்டு நடக்க மறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இவர்கள். போவியைப் பற்றிய பேச்சில் இந்த மூவரின் பெயர் இவ்வளவு குறைவாக வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

விஸ்கான்டியின் கணக்கு இன்னும் நீளம். 1969இல் 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாட்டைத் தயாரிக்க மறுத்தவர் அவர். ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளைச் செய்தார். 'லெட்ஸ் டான்ஸ்' காலத்தில் விலகல் வந்தது. 2002இல் வந்த ஆல்பத்தில் மீண்டும் சேர்ந்து வேலைசெய்தார்கள். 2016 ஜனவரி 8 அன்று, போவியின் 69ஆம் பிறந்தநாளில் வெளிவந்த 'பிளாக்ஸ்டார்' வரை அவர் இருந்தார். அந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள் நியூயார்க்கின் ஜாஸ் கலைஞர் டானி மெக்காஸ்லினின் குழு, போவியோடு முன்பு ஆல்பம் எதுவும் செய்யாதவர்கள். வாசிப்பவர்கள் புதியவர்கள், பதிவை நடத்துபவர் பழையவர். கல்லீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே இந்த வேலையை முடித்த போவி, ஆல்பம் வந்து இரண்டு நாள் கழித்து இறந்தார்.

## மாற்றம் எங்கே சறுக்கும்

'லெட்ஸ் டான்ஸ்' கொண்டுவந்த பெருங்கூட்டத்தைத் தக்கவைக்கும் முனைப்பில் 1984, 1987 ஆல்பங்கள் வந்தன. இரண்டும் தனக்கு நிறைவில்லை என்று அவரே பின்னர் பேட்டிகளில் ஒப்புக்கொண்டார். ஒலி காலத்துக்கேற்றதாகத்தான் இருந்தது. பச்சோந்தி விளக்கம் சரியென்றால் அவை அவருடைய சிறந்த ஆல்பங்களாக இருந்திருக்க வேண்டும். அவர் மீண்டது, 1988இல் 'டின் மெஷின்' என்ற நால்வர் குழுவில் ஒருவராகப் போய் நின்றபோது. அந்தக் குழுவின் ஆல்பங்கள் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் சில பாட்டுகள்தான் பிடிக்கும். ஆனால் வேலைசெய்யும் முறை மறுபடி மாறியது.

வெளியிலிருந்தும் தடை வரும். கனடாவின் நீல் யங் 1980களின் தொடக்கத்தில் குரலை இயந்திரமாக்கும் கருவியோடு ஒரு ஆல்பமும், அடுத்து 1950களின் ராக் பாணியில் ஒரு ஆல்பமும் செய்தார். அவருடைய ஆல்பங்களை வெளியிட்ட கெஃபன் நிறுவனம், இவை அவருடைய இயல்பான இசையாக இல்லை என்று 1983இல் வழக்கே தொடுத்தது. பாணி மாற்றியதற்காக ஒரு பாடலாசிரியர் வழக்கைச் சந்திக்க வேண்டியிருந்தது!

நிறுவனம் இப்படிக் குறுக்கே நிற்க முடிவதால், பாட்டும் பதிவும் யாருக்குச் சொந்தம் என்பது பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டை எழுதியதற்கு ஓர் உரிமை. பதிவுக்கு வேறோர் உரிமை. தானே எழுதிப் பாடுபவருக்கு இரு வழியிலும் வருமானம் வரலாம். 1997இல் போவி, 25 ஆல்பங்களிலிருந்து பிற்காலத்தில் வரப்போகும் வருமானத்தை ஈடாக வைத்துக் கடன்பத்திரம் வெளியிட்டு, 5.5 கோடி டாலரை முன்கூட்டியே பெற்றார்.

## எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

வெற்றிப் பாடல்களின் தொகுப்பிலிருந்து தொடங்காதீர்கள். பத்து முகங்கள் அடுத்தடுத்து வந்து பச்சோந்திக் கதையையே உறுதிசெய்துவிடும். 'லாட்ஜர்' ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளை மட்டும் எடுங்கள். முதல் பாட்டான 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' மெதுவாக, உலகம் அழிந்துவிடுமோ என்ற கவலையோடு நகரும். 'பாய்ஸ் கீப் ஸ்விங்கிங்' ஆரவாரமாகக் குதிக்கும். இரண்டுக்கும் கார்டு வரிசை ஒன்றே. முதல்முறை கேட்கும்போது இது புலப்படாது. இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் கார்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஒன்றை அடுத்து ஒன்றாகக் கேளுங்கள். பிடிபடாவிட்டால் கிட்டார் தெரிந்த யாரையாவது வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். ஒரே கை அசைவில் இரண்டு பாட்டையும் பாடிவிடலாம்.